வெந்நீர்க் கருவியின் புகை எங்கே போய்ச் சேர்கிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, வட்டவடை, குமுளி என்று கேரள எல்லையோர மலைப்பகுதிகளிலிருந்து வரும் கடிதங்களில், குளிர்காலம் நெருங்கும்போதெல்லாம் கேஸ் கீசரைப் பற்றிய கேள்விகள் கூடிவிடுகின்றன. விலை, எரிவாயுச் செலவு, எந்த நிறுவனத்தின் கருவி நல்லது என்பவற்றை இந்த இதழில் தள்ளிவைத்துவிட்டு, கழிவுப்புகை வெளியேறும் வழியைப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சித்திராபுரத்தில் மலைச்சரிவை வெட்டிக் கட்டிய எங்கள் வீட்டை ஹோம்ஸ்டேவாக நடத்தி வருகிறோம். ஆறு அறைகள், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு கேஸ் கீசர். ஆறும் வீட்டின் பின்புறம், வெட்டிய மண்சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவிலுள்ள மூன்றடிச் சந்தில் வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. மழைக்காகச் சந்தின் மேல் தகர ஷீட் போட்டிருக்கிறோம். சென்ற டிசம்பரில் தங்கியவர்களில் சிலர் காலையில் தலை வலிப்பதாகச் சொன்னார்கள். பிளம்பரோ, "கீசர் வெளியில்தானே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்கிறார். அவர் சொல்வது சரிதானா?
– ஒரு வாசகி, சித்திராபுரம்

பதில்: கருவியைக் குளியலறைக்குள் வைக்காமல் விட்ட வரையில் பிளம்பர் சரியாகவே செய்திருக்கிறார். ஆனால் நீங்கள் விவரிக்கும் சந்தை வெளி என்று கொள்ள முடியாது. ஒருபுறம் மண், மறுபுறம் சுவர், மேலே தகரம் என்று மூடிய பிறகு அது இரு முனைகளில் மட்டும் திறந்திருக்கும் ஒரு நீண்ட அறை. சரிவை வெட்டிக் கட்டிய மலைவீடுகளில் இந்தப் பின்சந்து கண்ணுக்கு மறைவாக இருப்பதாலும், குளியலறைகள் அந்தப் பக்கமே அமைவதாலும், கீசர், சிலிண்டர், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் அங்கேயே ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது.

கணக்கைப் பார்த்தால் நிலைமை விளங்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சாதாரண கீசர், முழு வீச்சில் எரியும்போது மணிக்கு ஏறத்தாழ 0.9 கிலோ எரிவாயுவைச் செலவிடுகிறது. அதைச் சரியாக எரிக்கச் சுமார் 11 கனமீட்டர் காற்று வேண்டும். குளிர்காலத்துக் காலையில், ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் விருந்தினர்கள் எல்லோரும் ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் குளிப்பார்கள். ஆறு கருவிகளும் ஒரே நேரத்தில் எரிந்தால் மணிக்கு 66 கனமீட்டர் காற்று தேவை. உங்கள் சந்து 40 அடி நீளமும் 9 அடி உயரமும் உடையது என்று வைத்துக்கொண்டால், அதனுள் இருப்பது 30 கனமீட்டர் காற்றுதான். காற்று அசையாத பனிக்காலை ஒன்றில் அரை மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் சந்துக் காற்று முழுவதும் பர்னர்களின் வழியே போய்த் திரும்பியிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பர்னரும் தான் விட்ட கழிவையும் பக்கத்துக் கருவி விட்ட கழிவையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு பெருகுகிறது.

அந்தக் காற்று வீட்டுக்குள் எப்படி வருகிறது என்றால், குளியலறை வென்டிலேட்டர்கள் அந்தச் சந்தைப் பார்த்தே வைக்கப்பட்டிருக்கும். கண்ணாடிப் பட்டைகள் செருகிய அந்த வென்டிலேட்டரை யாரும் மூடுவதில்லை, மூடவும் முடியாது. வீட்டின் உள்ளே வெதுவெதுப்பும் வெளியே கடுங்குளிரும் இருக்கும்போது, உள்ளிருக்கும் சூடான காற்று மேல்பக்க இடுக்குகளின் வழியே வெளியேற, அதற்கு ஈடாகக் கிடைக்கும் திறப்பிலிருந்தெல்லாம் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். உங்கள் வீட்டில் அந்தத் திறப்பு புகை தங்கும் சந்தில் இருக்கிறது. விருந்தினர்களின் தலைவலிக்கு மலையேற்றம், பயணக் களைப்பு என்று வேறு காரணங்கள் இருக்கக்கூடும் என்றாலும், இதைத் தீர்க்கும் வரை அந்தக் கீசர்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன்.

செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, கருவிகளைச் சந்திலிருந்து எடுத்து, பள்ளத்தாக்கைப் பார்த்த திறந்த பக்கச்சுவருக்கு மாற்றுவது. குழாய் நீளமாகும், வெந்நீர் வரச் சற்றுத் தாமதமாகும், குழாய்க்கு உறை சுற்ற வேண்டியிருக்கும். இருந்தாலும் இதுவே உறுதியான வழி. அது இயலாதென்றால், தலைப்பக்கத் திறப்பிலிருந்து புகையை அப்படியே விடும் கருவிகளைக் கழித்துவிட்டு, புகைக்குழாய் இணைக்கும் கழுத்துள்ள கருவிகளை வாங்கி, ஒவ்வொன்றின் குழாயையும் தகர ஷீட்டுக்கு மேலே, கூரை விளிம்பையும் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். விசிறி இல்லாமல் இயல்பாக மேலெழும் புகைக்கு, கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரமும், சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி கூடுதல் உயரமும் வேண்டும் என்பது புகைபோக்கி கட்டுவோர் கைக்கொள்ளும் கணக்கு. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி, தையில் போடிமெட்டுப் பக்கமிருந்தும் அடிக்கும் காற்று இரண்டுமே குழாய் வாயை அழுத்தாமல் இருக்க இந்த உயரம் தேவை.

சுவர் வழியாகவே புகையை வெளியேற்றும், விசிறி பொருத்திய கருவியாக இருந்தால் இடைவெளிகளைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் எரிவாயு விதிநூல், அறைக்காற்றை எடுத்து விசிறியால் புகையைத் தள்ளும் கருவிக்கு, குழாயின் வாய் சன்னலுக்கோ கதவுக்கோ கீழே அல்லது பக்கவாட்டில் 4 அடியும், மேலே என்றால் 1 அடியும் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. எரிவதற்கான காற்றையும் வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் மூடிய வகைக் கருவிக்குப் பிரிட்டனின் விதி 300 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. வென்டிலேட்டர் ஆண்டு முழுவதும் திறந்தே கிடக்கும் நம் வீடுகளுக்கு எந்த வகைக் கருவியானாலும் 4 அடிக் கணக்கே பொருந்தும் என்பது என் கருத்து. எதிரே சுவரோ மண்சுவரோ இருந்தால் 600 மில்லிமீட்டர், மூலையிலிருந்து 300 மில்லிமீட்டர், எதிரெதிரே இரு குழாய்கள் இருந்தால் 1,200 மில்லிமீட்டர், ஒரே சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் 1,500 மில்லிமீட்டர் என்பவை பிரிட்டன் கணக்கில் உள்ள மற்ற இடைவெளிகள். எதிர்ச்சுவர் விஷயத்தில் உங்கள் மூன்றடிச் சந்து தேறிவிடும். ஆனால் அது மேற்புறம் திறந்த இடத்துக்குச் சொன்ன அளவு. தகரம் மூடிய சந்துக்கு எந்த இடைவெளிக் கணக்கும் பொருந்தாது.

சிலிண்டர்களும் அதே சந்தில் இருப்பதாக யூகிக்கிறேன். எரிந்த புகை சூட்டினால் மேலே போகும். ஆனால் எரியாமல் கசியும் எரிவாயு காற்றைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அது தரையில் படர்ந்து, வடிகாலிலும் பள்ளத்திலும் தேங்கும். சந்தின் முனையை மண்மூட்டையோ பலகையோ வைத்து அடைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கீழ்மட்டத்தில் தரையோடு ஒட்டிய திறப்பும், மேல்மட்டத்தில் புகைக்கான திறப்பும் தனித்தனியே வேண்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

கேள்வி: எங்கள் கீசர் குளியலறைக்குள்ளேயே இருக்கிறது. புகைக்குழாயும் உண்டு. கூடுதல் பாதுகாப்புக்காகச் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, குளிக்கும்போது ஓடவிடுகிறோம். குளிர் தாங்காததால் சன்னலைச் சாத்திவிடுகிறோம். இது போதுமா?
– ஒரு வாசகர், வட்டவடை

பதில்: போதாது என்பதோடு, அந்த ஃபேனே ஆபத்தைக் கூட்டக்கூடும்.

5 அடிக்கு 7 அடி, 8 அடி உயரம் என்ற அளவுள்ள குளியலறையில் 8 கனமீட்டர் காற்று இருக்கும். முன்னே சொன்ன அதே கீசர் பத்து நிமிடம் எரிந்தால், புதுக்காற்று வராத நிலையில், அதிலுள்ள ஆக்சிஜனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் வாயுவில் கசிவு தெரிவதற்காகக் கலக்கும் நாற்றப்பொருள் எரிந்துபோய்விடுவதால், மூக்கை நம்பிப் பயனில்லை.

இனி ஃபேனுக்கு வருவோம். அது அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவடி இடுக்கில் கால்மிதியைச் செருகி, சன்னலையும் சாத்திவிட்டால், மிச்சமிருக்கும் பெரிய துளை கீசரின் புகைக்குழாய்தான். மேலே போக வேண்டிய புகையைத் தடுத்து, அந்தக் குழாயின் வழியே வெளிக்காற்று கீழிறங்கி வரும். புகை கருவியின் தலைப்பக்கத்தில் கசிந்து அறைக்குள் பரவும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முதலில் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். கதவைச் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, கீசரை ஐந்து நிமிடம் எரியவிட்ட பின், ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் புகைக்குழாய் தொடங்கும் இடத்திலுள்ள இடைவெளியின் ஓரமாகப் பிடியுங்கள். ஊதுபத்திப் புகை அந்த இடைவெளிக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டால் குழாய் இழுக்கிறது என்று பொருள். புகை தயங்கி நின்றாலோ, உங்கள் முகத்தை நோக்கித் திரும்பினாலோ உடனே கீசரை அணைத்து, கதவைத் திறந்து வெளியே வாருங்கள். ஒருமுறை நன்றாக இழுத்துவிட்டது என்பதால் நிம்மதியடையவும் கூடாது. காற்றடிக்கும் நாளில் அதே குழாய் மறுபடியும் திரும்பலாம்.

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள், அறைக்காற்றைத் தொடாத மூடிய வகைக் கருவியைத் தவிர வேறெதையும் குளியலறையில் வைக்கக் கூடாது என்கின்றன. இங்கும் கீசர் நிறுவனங்கள் கருவியோடு தரும் கையேட்டில் குளியலறைக்கு வெளியே வைக்கும்படியே அச்சிட்டிருக்கும். அந்தக் கையேடு பெரும்பாலும் அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகிறது. உங்கள் கருவியைக் காற்றோட்டமான வெளிச்சுவருக்கு மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவரை வாளியில் பிடித்து, கீசரை அணைத்து, கதவைச் சற்று நேரம் திறந்துவைத்துவிட்டுப் பிறகு குளியுங்கள்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், குளிருக்காகக் கதவு சன்னல்களைத் தாழிட்டு, கேஸ் ஹீட்டரை எரியவிட்டு உறங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, உயிரிழந்தது இங்குள்ள பலருக்கு நினைவிருக்கும்.

கேள்வி: போடியில் என் தம்பி வீட்டில் நன்றாக நீலச்சுடர் விட்டு எரிந்த கீசரை இங்கே கொண்டுவந்து மாட்டினேன். இங்கே சுடர் மஞ்சளாக எரிகிறது. புகைக்குழாயின் வாயைச் சுற்றிச் சுவரில் கரி படிகிறது. கருவி கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகர், தேவிகுளம்

பதில்: கருவி கெடாமலேயே இப்படி நேரலாம். போடி சமவெளியில் இருக்கிறது. நீங்கள் ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ரெகுலேட்டர் வழியாக, பர்னருக்குள் எரிவாயுவைப் பீய்ச்சும் ஜெட் துளைக்கு வரும் எரிவாயுவின் அளவு பெரிதாக மாறுவதில்லை. அதோடு கலக்க வேண்டிய காற்று மட்டும் மெலிந்துவிடுகிறது. அதனால் எரிவாயு மிகுந்து, காற்று குறைந்து, சுடர் மஞ்சளாகி, கரி படிகிறது. கரி கண்ணுக்குத் தெரிகிறது. அதே காரணத்தால் கூடவே உண்டாகும் கார்பன் மோனாக்சைடு தெரிவதில்லை.

அமெரிக்க விதிநூலில் 2,000 அடிக்கு மேலான இடங்களில், கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டு ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் கருவியின் திறனை 4 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற வழிமுறை உண்டு. அதன்படி 5,000 அடியில் 20 சதவீதம். அதாவது 10 கிலோவாட் கருவியை 8 கிலோவாட்டாக எரிக்க வேண்டும். இதற்குச் சிறிய துளையுள்ள ஜெட்டை நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் மாற்றித் தர வேண்டும். நீங்களே ஊசியால் குத்தியோ, துளையை ஈயத்தால் அடைத்துக் குறைத்தோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். மலையில் புகைக்குழாயின் இழுவையும் பலவீனமாகவே இருக்கும். ஆகவே கருவியின் கழுத்து எத்தனை அங்குலமோ அதைவிடக் குறுகிய குழாயை எந்த இடத்திலும் இணைக்கக் கூடாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். படிந்த கரி சுவரோடு நிற்பதில்லை. கருவிக்குள் நீரைச் சூடாக்கும் செப்புத் தகடுகளின் இடைவெளிகளையும் அடைத்திருக்கும். அந்த அடைப்பை நீக்காமல் ஜெட்டை மட்டும் மாற்றினால் புகை முன்பக்கமாகவே கசியும்.

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கும் என் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரின் குழாயை எங்கள் சமையலறைச் சன்னலைப் பார்த்து வைத்திருக்கிறார். காலையில் வெள்ளைப் புகை நேராகச் சன்னலுக்கு வருகிறது. அது விஷப்புகையா? எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்று அங்கே சட்டம் ஏதும் இருக்கிறதா?
– ஒரு வாசகி, பூப்பாறை

பதில்: நீங்கள் பார்த்த வெண்மை பெரும்பாலும் நீராவி. இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல் புதிதாக வைக்கும் கேஸ் பாய்லர்கள், சில விலக்குகள் தவிர, கழிவுப்புகையில் உள்ள ஈரத்தையும் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். வெப்பத்தை இப்படிப் பிழிந்துவிடுவதால் புகை 50, 60 டிகிரி அளவில்தான் வெளியேறுகிறது. மேலெழும் வேகமில்லாமல் குளிர்காற்றில் வெள்ளையாகத் திரண்டு பக்கவாட்டில் மிதக்கிறது. சரியாகப் பராமரிக்கப்படும் பாய்லரில் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவே. ஆனாலும் கரியமில வாயுவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதில் உண்டு. பாய்லர் பழுதானால் நிலைமை மாறும். ஆகவே சன்னலுக்குள் வரட்டும் என்று விட்டுவிடவும் முடியாது.

அங்குள்ள தர விதியின்படி, விசிறியோடு கூடிய மூடிய வகைப் பாய்லரின் குழாய் வாய், திறக்கக்கூடிய சன்னல் அல்லது காற்றுத் துளையிலிருந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் 300 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். எதிரேயுள்ள சுவரிலிருந்தோ மனை எல்லையிலிருந்தோ 600 மில்லிமீட்டர். தரையிலிருந்து 300 மில்லிமீட்டர். இவை குறைந்தபட்ச அளவுகள். விசிறி இல்லாத பழைய சுவர்வழிப் பாய்லராக இருந்தால் கணக்கு வேறு: 14 முதல் 32 கிலோவாட் திறனுள்ள பாய்லரின் குழாய் சன்னலுக்கு நேர் கீழே வந்தால் 1,500 மில்லிமீட்டர் வேண்டும். இந்த இடைவெளிகள் எல்லாம் சரியாக இருந்தும் ஆவி தொல்லை தந்தால், குழாயின் வாயை மேலே நீட்டி வேறு திசைக்குத் திருப்பும் இணைப்பு ஒன்று அங்கே விற்கிறது. பக்கத்து வீட்டாரிடம் நயமாகப் பேசி அதைப் பொருத்தச் சொல்வதே எளிது. பேச்சு பலிக்காவிட்டால், உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் நலப் பிரிவில் உங்கள் மகள் முறையிடலாம். யார் பொருத்தினாலும், 2009 முதல் நடைமுறையில் உள்ள கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயருள்ள பணியாளராக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

மகள் வாடகை வீட்டில் இருந்தால் ஒரு செய்தி: 2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் வாடகை வீடுகளில், சமையல் அடுப்பு நீங்கலாக, எரிபொருளில் இயங்கும் நிலையான கருவி உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு.

கேள்வி: கீசரின் புகையை வெளியேற்ற பி.வி.சி. பைப் போடலாமா? எத்தனை எல்போ போடலாம்? இரண்டு கீசருக்கும் சேர்த்து ஒரே பைப்பாகக் கொண்டுபோக முடியுமா?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: பி.வி.சி. கூடாது. அது 80 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும்; நம் கீசர்களின் புகை 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் வெளிவருகிறது. வெளிநாட்டில் பிளாஸ்டிக் குழாய் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அது முன் பதிலில் குறிப்பிட்ட குளிர்ந்த புகைப் பாய்லருக்கு உரியது. கருவியோடு நிறுவனம் தரும் உலோகக் குழாயையே போடுங்கள்.

எல்போ எத்தனை என்பதைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் புகையின் வேகத்தைக் குறைக்கிறது. விசிறி இல்லாத கருவியில் குழாய் முதலில் நேராக மேலெழுந்து பிறகே திரும்ப வேண்டும். சுவர் வழியாக வெளியேறும் சாதாரண விசிறிக் கருவியில் குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருந்தால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை உள்ளே வழியாது.

இரண்டு கருவிக்கு ஒரு குழாய் வேண்டாம். ஒன்று அணைந்திருக்கும்போது மற்றதன் புகை அதன் வழியே இறங்கும்.

கேள்வி: கார்பன் மோனாக்சைடு உடம்பில் ஏறியிருக்கிறதா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் ஒன்றும் சமையலறையில் இருக்கிறது.
– ஒரு வாசகர், மறையூர்

பதில்: இரண்டுமே இதற்கு உதவா. இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு ஒட்டிக்கொள்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு, ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வேறுபாடு தெரியாது. ஆள் மயங்கும் நிலையிலும் 97, 98 என்று காட்டும். ரத்தத்தை மருத்துவமனையில் சோதித்தால்தான் உண்மை தெரியும். சமையலறையில் உள்ள அலாரம் எரியாத எரிவாயுவை உணர்வது; அந்த வாயு தரையோடு படர்வதால் அதைத் தாழ்வாக வைத்திருப்பார்கள். கார்பன் மோனாக்சைடு காற்றைவிடச் சற்று லேசானது. அதற்கான அலாரத்தைத் தனியே வாங்கி, கருவியிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளிச் சுவரின் மேற்பகுதியிலும், படுக்கையறையில் படுத்திருப்பவரின் முக உயரத்திலும் வைக்க வேண்டும்.

ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்ட அலாரம், காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற அளவில் இந்த வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கைத் தொட்டால் 3 நிமிடத்துக்குள்ளும் ஒலிக்கும். அதனுள் இருக்கும் உணரிக்கு ஆயுள் உண்டு. பின்புறம் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து மாற்றுங்கள்.

அறிகுறிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காய்ச்சலில்லாத தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு ஆகியவை வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே சமயத்தில் வந்து, வெளியே போனதும் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கீசரைத்தான். கருவியை அணைத்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள இந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் குறையும். "இப்போது பரவாயில்லை" என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சிலிண்டர் வாயுவின் நாற்றம் வந்தால் அழைக்க வேண்டிய எண் வேறு, அது 1906.

கேள்வி: புகைக்குழாயின் வாயில் குளவி கூடு கட்டுகிறது. கொசுவலைக் கம்பியை வைத்துக் கட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், சூரியநெல்லி

பதில்: கட்டாதீர்கள். கொசுவலையின் சிறு கண்கள் கரியாலும், பனிக்காலத்தில் உறையும் ஈரத்தாலும் சில வாரங்களில் அடைந்துவிடும்; அடைந்தது கீழிருந்து தெரியாது. கருவியைத் தயாரித்த நிறுவனமே தரும் கம்பிக்கூண்டைக் கேளுங்கள். அதன் இடைவெளிகள் ஒரு விரல் நுழையுமளவு இருக்கும். பறவை நுழையாது, புகை தடைபடாது. குளவியை அது முற்றிலும் தடுக்காது என்பதால், அதிகம் பயன்படுத்தாத கோடை மாதங்களுக்குப் பின் கீசரை மீண்டும் எரிக்கும் முன், குழாய் ஆறியிருக்கும்போது வாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயின் வாய் ஆள் நடக்கும் இடத்தில், தரையிலிருந்து 2 மீட்டருக்குக் கீழே இருந்தால், குழந்தைகள் தொட்டுச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கவும் அந்தக் கூண்டு வேண்டும்.